இரண்டடிக்குள் ஒரு செம்பருத்தி

செம்பருத்தியைக் குட்டையாக்க எங்களுக்குப் பதினொரு வருடம் ஆயிற்று. அது குட்டைதான் என்று ஆணையத்தை ஒத்துக்கொள்ள வைக்க மேற்கொண்டு மூன்று வருடம் அலைந்தேன். முதல் வேலைதான் சுலபமானது என்று இப்போது தெரிகிறது.

'எங்களுக்கு' என்று சொன்னது சும்மா ஒரு ஒட்டுறவுக்கு. செய்ததெல்லாம் என் மனைவி. நான் செடிக்கடைக்காரன். மண் கலப்பேன், தொட்டி தூக்குவேன், உரமூட்டை இறக்குவேன். என் விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழம் கனம். பூவுக்குள் கைவிட்டால் பூ மிஞ்சாது. அவள் தையல்காரி. ஊசிக்காதில் நூலைப் பார்க்காமலே கோப்பவள். தெருவில் எல்லாருக்கும் அவள் தையல்காரம்மாதான்.

அவளுடைய மெஷின் முன்னறை சன்னலுக்கு அடியில் இருக்கிறது. சன்னல் திண்டில் நான் எப்போதும் ஒரு பூச்செடி வைப்பேன். செம்பருத்தி அவளுக்குப் பிடிக்கும். ஆனால் அது மூன்றாம் மாதமே சன்னலை மறைத்துவிடும். பிறகு பூக்கிற பூவெல்லாம் உச்சியில், எதிர்வீட்டு மாடிக்காரர்களுக்கு. அவளுக்கு மிஞ்சுவது தண்டு.

"பூவும் வேணும், தெருவும் தெரியணும். அப்படி ஒரு செடி உங்க கடையில இல்லையா?" என்றாள் ஒருநாள்.

இல்லை என்றேன். எந்தக் கடையிலும் இல்லை என்றும் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றினால் புதிசு புதிசாகச் செடி வரும் என்று சொல்லித் தொலைத்தேன்.

யாரோ வேலியோரம் பிடுங்கி எறிந்திருந்த ஒரு நோஞ்சான் செம்பருத்தியை எடுத்து வந்தாள். முழங்காலுக்கு மேல் வளராதது. பூ மட்டும் சோகை பிடித்தது, வருடத்துக்கு நாலே நாலு. அதற்கும் எங்கள் கடையின் ஆளுயரச் சிவப்புக்கும் சம்பந்தம் பேசி முடித்தாள். மொட்டு விரிவதற்கு முந்தின சாயங்காலம் நூல் கத்தரியால் மகரந்தப் பைகளை நறுக்கி எடுப்பாள். மறுநாள் காலை கண்மை தீட்டும் தூரிகையால் மற்றச் செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைப்பாள். வைத்த பூவின் காம்பில் ஒரு வெள்ளை நூல். காய்த்து, விதை முளைத்து, செடி பூக்கும் வரை ஒன்றரை வருடம் காத்திருப்பாள். பூத்தபின் தேறினால் சிவப்பு நூல், தேறாவிட்டால் கறுப்பு நூல். கறுப்பு கட்டியது குப்பைக்குழிக்குப் போகும், அதைப் போடுவது என் வேலை.

கறுப்பு கட்டுவதில் மட்டும் அவளுக்கு அவசரமே கிடையாது. ஒரு செடியை ஒரு வாரமாவது உட்கார்ந்து பார்ப்பாள். திருப்பி வைத்துப் பார்ப்பாள். கட்டிவிட்டால் பிறகு அவிழ்க்க மாட்டாள். நான் சிலவற்றுக்குப் பரிந்து பேசியிருக்கிறேன், பலித்ததில்லை.

கணக்கெல்லாம் ஒரு துணியில் வைத்திருந்தாள். நோட்டு எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. வெள்ளைத் துணியில் வருடத்துக்கு ஒரு வரி, செடிக்கு ஒரு முடிச்சு. பதினொரு வரியில் எண்ணூற்று நாற்பத்திரண்டு முடிச்சு. அதில் பதினேழுதான் சிவப்பு. கடைசிச் சிவப்புதான் நாங்கள் கேட்ட செடி. ஒன்றேகால் அடி உயரம். அடியிலிருந்தே கிளை. ஆரஞ்சு நிறத்தில், நடுவில் குங்குமக் கண்ணோடு, ஒரே சமயத்தில் இருபது பூ. சன்னலில் வைத்தோம். பூவும் இருந்தது, தெருவும் தெரிந்தது. அவள் அன்று ரொம்ப நேரம் மெஷினை மிதிக்கவே இல்லை.

பதிவு செய்யலாம் என்றது நான்தான். அவள் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "முப்பது வருஷமா தைக்கறேன். ஒரு சட்டையிலயாவது நான் தெச்சதுன்னு இருக்கா? காலர்ல கடை பேரு. போட்டுக்கிட்டுப் போறவங்களுக்கும் கடை பேருதான் தெரியும். இதுலயாவது நான் செஞ்சதுன்னு ஒரு வரி எழுதியிருக்கட்டும்ங்க."

அவள் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டவள் இல்லை. அந்த ஒரு வரியை வாங்கிக் கொண்டுவந்து கொடுப்பது என்று நான் கிளம்பினேன்.

அலங்காரச் செடி வகைப் பதிவு ஆணையம் மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. உள்ளே ஒரு செடி இல்லை. வரவேற்பு மேசையில் பிளாஸ்டிக் ரோஜா இருந்தது. தூசு தட்ட ஒரு பணியிடம் உண்டு, தண்ணீர் ஊற்றப் பணியிடம் இல்லை, அதனால் இந்த ஏற்பாடு என்று நான் கேட்டதற்கு எழுத்தர் விளக்கினார். மெலிந்த மனிதர். ஒரு கேள்விக்கு ஒரு பதில், அதுவும் விதி எண்ணோடு. கேட்காததை அவர் சொன்னதில்லை.

படிவத்தில் 'உருவாக்கியவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் மனைவியைப் பற்றி எழுதினேன். தொழில்: தையல்.

"தையலா?" என்றார் எழுத்தர். "இதுல நாலு குறியீடுதான் இருக்கு. விஞ்ஞானி ஒண்ணு, நிறுவனம் ரெண்டு, பல்கலைக்கழகம் மூணு, விவசாயி நாலு. தையலுக்குக் குறியீடு இல்ல."

"அப்ப என்னங்க பண்றது?"

"துறை மாறுது. ஜவுளித்துறைக்கு அனுப்பிக் கருத்துக் கேக்கணும்."

கோப்பு ஜவுளித்துறைக்குப் போயிற்று. ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. 'துணி மாதிரி இணைக்கப்படவில்லை. செடியின் சாயம் துவைத்தால் போகுமா என்பது தெளிவுபடுத்தப்பட வேண்டும்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. எழுத்தர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். போகாது என்றேன். குறித்துக்கொண்டார். வேறு வழி உண்டா என்று கேட்டேன்.

"இப்படி வெச்சுக்கலாம்," என்றார். "உருவாக்கியவர்னு உங்கள போட்டுடறேன். செடிக்கடைய விவசாயில சேத்துடலாம். அடைப்புக்குறிக்குள்ள 'மனைவி உதவி'ன்னு போட்டுக்கலாம். அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"நான்தாங்க உதவி. தொட்டி தூக்கினது நானு."

"அதுக்கு அடைப்புக்குறி இல்ல."

கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். கட்டம் காலியாக விடப்பட்டது. 'பின்னர் நிரப்பப்படும்' என்று பென்சிலால் எழுதினார்கள்.

அடுத்தது அளவு. மாதிரிக்குப் பத்துத் தொட்டி கொண்டுவரச் சொன்னார்கள். தரைத்தள நடையில் வரிசையாக வைத்தேன். அளவு அதிகாரி வந்தார். சுவரோரத்தில் பித்தளைப் பட்டை போட்ட ஒரு மரக்கோல் ஊன்றியிருந்தது. அதுதான் ஆணையத்தின் அளவுகோலாம். அதன் முன்னால் செடியை வைத்து, குனிந்து பார்த்து, "மூணேகால் அடி," என்றார்.

நான் செடியைப் பார்த்தேன். அது என் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

"ஐயா, ஒன்றேகால் அடிங்க."

"கோல் என்ன சொல்லுது?"

குனிந்து பார்த்தேன். கோல் மூன்றேகால் என்றுதான் சொன்னது. தரையை ஒட்டி 'இரண்டு' என்று போட்டிருந்தது. ஒன்றையும் பூஜ்யத்தையும் காணவில்லை.

விஷயம் இதுதான். கோலை ஊன்றிய காலத்தில் அங்கே சிமெண்டுத் தரை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று தரையை இரண்டடி உயர்த்தி டைல்ஸ் பதித்தார்கள். கோல் கீழேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் வந்த எதுவும் இரண்டடிக்குக் கீழே இருந்ததில்லை. சோதித்துப் பார்க்க என் செருப்பைக் கழற்றி வைத்தேன். இரண்டடி இரண்டு அங்குலம். அதிகாரி அதையும் எழுதப் போனார், நான் தடுத்துவிட்டேன்.

'குறுவகை' என்று பதிவாக வேண்டுமானால் செடி இரண்டடிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் செடி மூன்றேகால் என்று கோப்பில் ஏறியது. நான் இயக்குநரைப் பார்க்கப் போனேன்.

இயக்குநர் பருத்த மனிதர், மலர்ந்த முகம். உட்காரச் சொன்னார். நான் தரை விஷயத்தைச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக் கேட்டார்.

"பெரியவரே, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பத்தொன்பது வருஷமா இந்த ஆணையம் ஒரு குறுவகையக்கூடப் பதிவு பண்ணல. ஒண்ணுகூட. எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? முன்னூறு பேர். எல்லாரும் குட்டை குட்டைன்னுதான் கொண்டாந்தாங்க. அளந்தா எல்லாமே உயரம். வெளிநாட்டு மாநாட்டுல இத நான் சொன்னப்ப எழுந்து நின்னு கை தட்டினாங்க. இவ்வளவு கறாரா ஒரு ஆணையம் இருக்கான்னு கேட்டாங்க. இப்ப நீங்க வந்து தரை உசந்துபோச்சுங்கறீங்க."

"தரை உசந்துதாங்க போச்சு."

"இருக்கலாம். ஆனா எல்லாருக்கும் ஒரே தரைதானே? உங்களுக்குன்னு தனியா உசத்தலயே? இங்க பாகுபாடே கிடையாது, அத மனசுல வெச்சுக்கோங்க."

கோலைப் பிடுங்கி மேலே நடலாமே என்றேன். அளவுகோலை அசைத்தால் முன்னூறு பேரும் திரும்ப வருவார்கள் என்றார். அப்படியானால் கோலுக்குப் பக்கத்தில் இரண்டடிப் பள்ளம் தோண்டி, செடியை உள்ளே இறக்கி அளக்கலாமே என்றேன். விரக்தியில் சொன்னது. அவர் முகம் இன்னும் மலர்ந்தது. "இது யோசனை!" என்றார்.

பள்ளத்துக்குக் கட்டடப் பிரிவின் அனுமதி வர எட்டு மாதம். தோண்ட ஒரு நாள். செடியை இறக்கினேன். அளவு அதிகாரி குப்புறப் படுத்து எட்டிப் பார்த்து, "ஒன்றேகால்," என்றார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓடிப்போய் வீட்டில் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. 'செடியின் உயரம் ஒன்றேகால் அடி என்பது ஏற்கப்படுகிறது. எனினும், மேற்படி செடி முழுவதும் தரைமட்டத்துக்குக் கீழே காணப்பட்டதால், கோப்பு கிழங்குப் பிரிவுக்கு மாற்றப்படுகிறது.'

கிழங்குப் பிரிவில் ஒரே ஒரு அதிகாரி. நல்ல மனிதர். பல வருடங்களாக அவரிடம் எந்தக் கோப்பும் வந்ததில்லையாம். எங்களுடையதைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனமே வரவில்லை. ஏழு மாதம் வைத்திருந்தார்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. நடையில் வைத்த பத்துத் தொட்டிக்கும் தண்ணீர் ஊற்ற ஆணையத்தில் பணியிடம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? பியூன் ஒருவர் டீ டம்ளர் கழுவிய தண்ணீரைப் போகிற போக்கில் அதில் ஊற்றினார். செடிகள் பிழைத்துக்கொண்டதோடு நில்லாமல் பூத்துத் தள்ளின. பார்த்த ஒரு பெண் அதிகாரி தன் மேசைக்கு ஒரு கிளை கேட்டார். பியூன் ஒடித்து ஊன்றிக் கொடுத்தார். பிறகு பக்கத்து மேசைக்கு. பிறகு மாடிக்கு. மேசையில் வைத்தால் எதிரே இருப்பவர் முகத்தை மறைக்காத செடி அது ஒன்றுதான். வரவேற்பிலிருந்த பிளாஸ்டிக் ரோஜாவை யாரோ எடுத்துப் பரணில் போட்டார்கள். நான் ஒவ்வொரு முறை போகும்போதும் ஆரஞ்சு நிறம் ஒரு அறை முன்னேறியிருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவ்வளவு ஏமாளி நான்.

கிழங்குப் பிரிவிலிருந்து கோப்பு விடுபட்டதும், செடியை எப்படி உருவாக்கினோம் என்பதற்குப் பதிவேடு கேட்டார்கள். துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் அதை இரு கையாலும் வாங்கி, மடிப்புப் பிரித்து, நிறைய நேரம் பார்த்தார். ரசீது கொடுத்தார்.

கடைசியாக நேர்விசாரணை என்று ஒரு தேதி குறித்தார்கள். உருவாக்கியவரும் வரவேண்டும். அவள் அன்று மெஷினை மூடி வைத்தாள். தானே தைத்த நீல ரவிக்கை போட்டுக்கொண்டாள். மூன்று மாடியும் ஏறினோம்.

கூட்ட அறையில் நீள மேசை. தலைப்பக்கம் இயக்குநர். இரு பக்கமும் அதிகாரிகள். ஒவ்வொருவர் முன்னாலும் எங்கள் செடி, நன்றாகப் பூத்தது. மேசைமேல் ஒரு விரிப்பு. அதன்மேல் டீ கோப்பைகள், பிஸ்கட் தட்டு.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய துணி.

"உக்காருங்கம்மா," என்றார் இயக்குநர்.

"அது என்னோட கணக்குங்க," என்றாள் அவள்.

"எது? ஓ, இதுவா. இது பதிவேடுன்னு வந்துச்சு. பதிவேடுன்னா பக்கம் இருக்கணும், பக்க எண் இருக்கணும், அட்டை இருக்கணும். ஒண்ணும் இல்ல. அப்புறம் பொருள் பிரிவு பரிசீலனை பண்ணி, 'மேசைவிரிப்பு, வேலைப்பாடு செய்தது, ஒன்று'ன்னு இருப்புல ஏத்திட்டாங்க. ரொம்ப அழகாப் பண்ணியிருக்கீங்கம்மா. எல்லாரும் சொல்றாங்க."

"ஆறாவது வருஷத்து மேல டீ கொட்டியிருக்குங்க."

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆறாவது வருடம்தான் ஒரு செடிகூடத் தேறாத வருடம். தொண்ணூறு முடிச்சும் கறுப்பு. அந்த வருடம் விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அவள்தான் விடவில்லை. அந்த வரிமேல் கோப்பை வைத்த வட்டம் இருந்தது. அங்கிருந்த எல்லாரையும் அடித்து நொறுக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன்.

எழுத்தர் கேள்விகளைப் படித்தார். நூல்கள் எதற்கு என்று ஒரு கேள்வி. அவள் எழுந்து நின்று சொன்னாள். வெள்ளை, மகரந்தம் வைத்தது. சிவப்பு, தேறினது. கறுப்பு, நன்றாகப் பார்த்து முடித்துக் கழித்தது. எழுத்தர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். இயக்குநர் பக்கத்து அதிகாரியிடம் தனக்கு வரப்போகும் ஒரு விருதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் இயக்குநர் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, உங்க செடி குட்டைதான். நாங்களே சொல்றோம். ஆனா எங்க சட்டத்துல முதல் விதி என்ன தெரியுமா? செடி புதுசா இருக்கணும். ஏற்கெனவே பரவலாத் தெரிஞ்ச செடியப் பதிய முடியாது. இப்ப இந்த ரூமையே பாருங்க." கையை வீசிக் காட்டினார். "இங்க பதினாலு. கட்டடத்துல மொத்தம் நூத்தி இருபது. என் வீட்டுல எட்டு. என் மச்சினன் அலுவலகத்துல முப்பது. இவ்வளவு சாதாரணமாக் கெடைக்கற செடிய நாங்க எப்படிம்மா புதுசுன்னு சொல்றது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சுங்க?" என்றேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

"அத விசாரிக்க இந்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்ல. இருக்கா இல்லையா, அதுதான் எங்களுக்கு. இருக்கு."

"நாங்க மாதிரிக்குக் கொடுத்த பத்துத் தொட்டிலருந்து ஒடிச்சதுங்க."

"பாருங்க, நீங்களே பரப்பியிருக்கீங்க," என்றார் வருத்தத்தோடு. "முதல்லயே எங்ககிட்ட குடுக்காம இருந்திருந்தா பதிஞ்சிருக்கலாம்."

வீடு வந்ததும் அவள் மெஷினில் உட்கார்ந்து, யாருடைய சட்டைக்கோ காஜா போட ஆரம்பித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள். அது இன்னும் வலித்தது.

உத்தரவு ஒரு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. பிரித்து வாசித்துக் காட்டினேன்.

'மேற்படி செடி, தையல்காரம்மா செடி என்ற பெயரில் இவ்வாணையத்தின் அலுவலர் அனைவருக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும், அண்டை அலுவலகங்களுக்கும் நன்கு அறிமுகமானது. இதனைத் தம் சன்னலோரத்தில் பதினொரு ஆண்டுகள் முயன்று உருவாக்கியவர் மேற்படி தையல்காரம்மாவே என்பதில் எவருக்கும் எவ்வித ஐயமும் இல்லை. எவருக்கும் ஐயமில்லாத ஒன்றைப் புதியது எனப் பதிவு செய்ய விதிகளில் இடமில்லை. எனவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. படிவத்தில் உருவாக்கியவர் கட்டம் காலியாக விடப்பட்டிருப்பதும் ஒரு குறைபாடாகச் சுட்டிக்காட்டப்படுகிறது.'

கீழே இயக்குநர் கையெழுத்து. வட்ட முத்திரை. எனக்கு ஆத்திரமாக வந்தது. கிழிக்கப் போனேன்.

"இருங்க," என்றாள். மெஷினை நிறுத்தியிருந்தாள். "நடுவுல ஒரு வரி படிச்சீங்களே. அத மட்டும் இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

"முத்திர இருக்கா?"

"இருக்கு."

காகிதத்தை வாங்கி நாலாக மடிக்காமல் அப்படியே விரித்து, மெஷினுக்கு மேலே சுவரில் குண்டூசியால் குத்தினாள். பதிவு கொடுத்திருந்தால்கூட அதில் இவ்வளவு எழுதியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வாரம் வாசலில் கார் நின்றது. இயக்குநர் இறங்கினார். பின்னால் எழுத்தர் ஒரு துணி மூட்டையோடு. பசுமை மிகுந்த அலுவலகம் என்று ஆணையத்துக்கு ஒரு விருது வந்திருக்கிறது, கட்டடமெங்கும் நூற்றிருபது பூச்செடி வளர்த்ததற்காக. விழா நாளைக்கு. போன விருதுக்கு வாங்கிய கோட்டு இந்த விருதுக்குப் பொத்தான் எட்டவில்லை.

"வேற யாருகிட்ட போறதும்மா," என்றார் இயக்குநர் உரிமையோடு. "நமக்குள்ள பழகியாச்சு."

எழுத்தர் மூட்டையைப் பிரித்தார். கோட்டைச் சுற்றியிருந்தது அவளுடைய துணி. கோட்டை எடுத்து இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, துணியை மடித்து மெஷின் பலகைமேல் வைத்தார்.

"கறை பட்ட விரிப்பு. கழிவுப் பதிவேட்டுல எழுதியாச்சு," என்றார் தாழ்ந்த குரலில். "திருப்பி எடுத்துட்டுப் போக விதி இல்ல."

மூன்று வருடத்தில் அவர் கேட்காமலே சொன்னது அது ஒன்றுதான்.

அவள் கோட்டை வாங்கினாள். வேலையில் அவள் வஞ்சம் வைத்ததில்லை. முதுகுத் தையலைப் பிரித்தாள், உள்மடிப்பை வெளியே விட்டாள், இரண்டு அங்குலம் தளர்த்தி மறுபடி ஓட்டி, இஸ்திரி போட்டாள். இயக்குநர் போட்டுப் பார்த்தார். பொத்தான் எட்டியது. கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். சுவரில் குத்தியிருந்த தன் உத்தரவையும் பார்த்தார். நல்ல தமிழ் என்று சொன்னார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க சார்," என்றாள் அவள்.

நூல் டப்பாவைத் திறந்து ஒரு கறுப்பு நூலை எடுத்தாள். கோட்டின் மார்பு மடிப்பிலிருந்த பொத்தான் துளையில் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, நுனியை நறுக்கினாள்.

"இது என்னம்மா?"

"எங்க வழக்கம் சார். நல்லா பாத்து முடிச்சதுக்குக் கட்டுவோம்."

"எல்லாருக்கும் கட்டுவீங்களா?"

"இல்ல சார். செடிக்குத்தான் கட்டுவேன். மனுஷங்கள்ல நீங்கதான் முதல் ஆளு. செடின்னா ஒரு வாரம் பாப்பேன், உங்கள மூணு வருஷமா பாத்தோம்."

இயக்குநருக்கு முகமெல்லாம் பூரிப்பு. நூலைத் தடவிப் பார்த்தார். மேடையில் இதைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்லப் போவதாகச் சொன்னார்.

எழுத்தர் அந்த நூலைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். விசாரணையன்று மூன்று நிறத்துக்கும் பொருளைத் தன் கையால் எழுதிக்கொண்டவர் அவர்.

"கௌம்பலாமா?" என்று இயக்குநர் அவரைக் கேட்டார்.

"கௌம்பலாம் சார்," என்றார் எழுத்தர், கார் கதவைத் திறந்துவிட்டபடி. வேறு எதுவும் அவரிடம் கேட்கப்படவில்லை.